வீட்டிலேயே கார் வேலை: மிச்சம் எங்கே, நட்டம் எங்கே

சர்வீஸ் பில்லைக் கையில் எடுத்து வரி வரியாகப் பாருங்கள். பொருளுக்கு ஒரு தொகை, கூலிக்கு ஒரு தொகை, கேட்காமலே சேர்ந்த சில்லறை வேலைகளுக்கு ஒரு தொகை என்று மூன்றாகப் பிரியும். ஏசி ஃபில்டர் மாற்ற ஐந்து நிமிடம் போதும்; பல கார்களில் ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். அதற்கும் கூலி உண்டு. இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற அரை நாள் ஆகும், தனிக் கருவிகள் வேண்டும், ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். அதற்கும் கூலி உண்டு. முதல் கூலியை மிச்சம் பிடிக்கலாம். இரண்டாவதைக் கொடுத்துவிட வேண்டும். எந்த வேலை எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்வதில்தான் வீட்டுப் பராமரிப்பின் லாபம் இருக்கிறது.

வீட்டில் கார் வேலை செய்பவர்கள் அதிகம் நட்டப்படுவது எங்கே தெரியுமா? நன்றாகத் தெரிந்த வேலையில், ஒரு போல்ட்டைத் தேவைக்கு மேல் முறுக்கும்போது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் பெரும்பாலும் அலுமினியம். அதில் மாட்டும், ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட் இரும்பு. "கசியக் கூடாது, இன்னும் கொஞ்சம்" என்று கை வலுவைக் காட்டினால் மரை உருண்டுவிடும். பத்து ஆயில் சர்வீஸில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு முறுக்கில் போய்விடும். ஆகவே கருவி வாங்கத் தொடங்கும்போது முதலில் வாங்க வேண்டியது, முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். 20 முதல் 120 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை அளக்கும் ஒன்று இருந்தால் ட்ரெயின் போல்ட், பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் போல்ட், பெரும்பாலான கார்களின் வீல் நட்டு எல்லாம் அதற்குள் அடங்கும். அதை இறுக்க மட்டும் பயன்படுத்துங்கள்; துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைப் போட்டால் அளவு கெட்டுவிடும். 'கிளிக்' என்று ஒரு முறை சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இரண்டாவது முறை அழுத்தினால் அது கூடுதல் இறுக்கம். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

அடுத்து ஜாக். காரோடு வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும். ஜாக்கில் நிற்கும் காருக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்காக இருந்தாலும் இதேதான், ஏனென்றால் அதற்குள் ஒரு ரப்பர் சீல் போனால் கார் அப்படியே இறங்கும். கெட்டியான சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தூக்கி, மேனுவலில் காட்டிய இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் இரண்டு கொடுத்து, காரை ஸ்டாண்டில் இறக்கிய பிறகு பக்கவாட்டில் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். மண் தரை, டைல்ஸ், சரிவான இடம் மூன்றும் வேண்டாம்.

இனி ஆயில். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள், இதில்தான் நுணுக்கமும் அதிகம்.

எவ்வளவு ஆயில், எந்த தரம் என்பது மேனுவலில் இருக்கும். சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பொதுவாக ஃபில்டரோடு சேர்த்து 3 முதல் 4 லிட்டர். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு 0டபிள்யூ-20 என்று எழுதியிருந்தால் "கெட்டியாக இருந்தால் நல்லதுதானே" என்று வேறு கிரேடு ஊற்ற வேண்டாம். ஆயில் பம்பும் பேரிங் இடைவெளியும் அந்தக் கிரேடுக்காக அமைக்கப்பட்டவை. ஆயிலுக்குள்ளேயே டைமிங் பெல்ட் ஓடும் இன்ஜின்கள் சில உண்டு. அவற்றில் தரம் மாறிய ஆயில் பெல்ட்டின் ரப்பரை அரித்து, அந்தத் துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும்.

இன்ஜினை நான்கைந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். முழுச் சூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் கீழே சீராக வடியும். இப்போது கீழே போய்ப் பார்த்தால் சில கார்களில் இரண்டு ட்ரெயின் போல்ட் தெரியும். ஒன்று இன்ஜினுடையது, இன்னொன்று கியர் பாக்ஸுடையது. அவசரத்தில் கியர் ஆயிலை வடித்துவிட்டு, ஏற்கனவே நிறைந்திருக்கும் இன்ஜினில் மேலும் நான்கு லிட்டர் ஊற்றுவது வீட்டு வேலையில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. இன்ஜின் ஆயில் கறுப்பு அல்லது அடர் பழுப்பு நிறத்தில் இருக்கும். சிவப்பாகவோ தேன் நிறத்தில் சுத்தமாகவோ வடிந்தால் உடனே போல்ட்டைத் திருப்பி மாட்டி, எதைத் திறந்தோம் என்று பாருங்கள்.

மல்லாந்து படுத்துக்கொண்டு போல்ட்டைப் பார்க்கும்போது எந்தப் பக்கம் கழற்றுவது, எந்தப் பக்கம் இறுக்குவது என்று குழம்பும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். கடைசி மரைக்கு வரும்போது போல்ட்டை மேல் நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பி, சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் ஆயில் கையில் வழியாது. வடிந்து முடிய பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள் போல்ட்டில் இருக்கும் வாஷரைப் பாருங்கள். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கித்தான் அடைக்கும். ஒவ்வொரு முறையும் புதியது போட வேண்டும். பழைய வாஷர் போல்ட்டோடு வராமல் சம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், விரலால் தடவிப் பாருங்கள். பழைய வாஷரோடு கசிவதால்தான் பலர் மேலும் மேலும் முறுக்கி மரையைக் கெடுக்கிறார்கள். பல கார்களில் இந்த போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் காரின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். முதல் நான்கைந்து சுற்று ஸ்பானர் இல்லாமல் விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட் கோணலாக ஏறுகிறது என்று பொருள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்திருக்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டவே கூடாது. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய வளையமும் உட்கார்ந்தால் மாட்டும்போது எல்லாம் சரியாகவே தெரியும். இன்ஜினை ஓட விட்டு அழுத்தம் ஏறியதும் இரண்டு ரப்பரும் வழுக்கி, சில நிமிடத்தில் ஆயில் மொத்தமும் தரையில் இருக்கும். புதிய வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டதும் முக்கால் சுற்று. ஃபில்டர் பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஸ்பானர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது தெரியும்.

ஊற்றும்போது சொன்ன அளவில் முக்கால் பங்கை ஊற்றி, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் குச்சியைப் பார்த்துக்கொண்டே மீதியை ஊற்றுங்கள். ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் விளக்கு சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பாருங்கள். அணைந்துவிட்டால் ஒரு நிமிடம் கழித்து நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அளந்து பாருங்கள். ஃபில்டர் குடித்த அளவுக்கு மட்டம் இறங்கியிருக்கும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிக ஆயிலை இன்ஜினுக்கு அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் தண்டு அடித்து நுரையாக்கும். நுரையில் இருக்கும் காற்று பேரிங்கைக் காப்பாற்றாது. டீசல் காரில் ஆயில் ஊற்றாமலே மட்டம் ஏறிக்கொண்டே போனால் டீசல் ஆயிலோடு கலக்கிறது என்று பொருள், அதை விடக் கூடாது.

ஃபில்டர் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இன்ஜின் ஏர் ஃபில்டரை மாற்றும்போது பெட்டிக்குள் கிடக்கும் மண்ணை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், ஊதாதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொரு மண் துகளும் சிலிண்டருக்குத்தான் போகும். மூடியின் கிளிப் நான்கும் உட்கார்ந்ததா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஏசி ஃபில்டர் பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அதன் ஓரத்தில் காற்றோட்ட அம்புக்குறி இருக்கும், பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எடுப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியில் காற்று குறைந்தது என்று கேஸ் நிரப்பக் கிளம்புவதற்கு முன் இந்த ஃபில்டரைப் பார்ப்பது நல்லது. வைப்பருக்கு முழுக் கையும் மாற்றத் தேவையில்லை, பிளேடு போதும். மாற்றும்போது கண்ணாடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள், பிளேடு இல்லாத கை ஸ்பிரிங் வேகத்தில் அடித்தால் கண்ணாடி விரிசல் விடும்.

ஸ்பார்க் பிளக் குளிர்ந்த இன்ஜினில்தான் கழற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும் ஆபத்து உண்டு. பிளக் குழியில் இருக்கும் தூசியை முதலில் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதியதை ஏற்ற, பிளக்கின் மேல் முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அந்தக் குழாயைத் திருப்பி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், மரை கெடாது. 14 மில்லிமீட்டர் மரைக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை என்பது பொதுவான அளவு. மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். பூச்சு போட்டே வரும் பிளக்குகளுக்கு அது தேவையில்லை, வழுக்கலால் அதே டார்க் அளவில் இறுக்கம் கூடிவிடும். கழற்றிய பழைய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளையாக வெந்திருந்தால் சூடு அதிகம். நான்கில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த சிலிண்டரில்தான் கதை இருக்கிறது.

பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் நேரடி ஷார்ட். மைனஸ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் பாதிப் பேட்டரிச் சந்தேகம் தீரும். இரவு முழுதும் நின்ற காரில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0க்குக் கீழே போனால் சார்ஜ் தீர்ந்தது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை பொதுவாக வர வேண்டும்; கணினி மூலம் சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது கொஞ்சம் ஏறி இறங்கும். ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால் குற்றவாளி பேட்டரி இல்லை, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ வயரோ. இதை அளக்காமல் புதுப் பேட்டரி வாங்கியவர்களுக்கு அதுவும் சில நாளில் இறங்கிவிடும். டெர்மினலில் பூத்த வெள்ளையையும் பச்சையையும் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கழுவும் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுகியிருக்கட்டும்.

இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் விஷயத்தில் இரண்டு தவறுகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, நிறத்தைப் பார்த்து ஊற்றுவது. பச்சை, சிவப்பு, நீலம் என்பவை தயாரிப்பாளர் போடும் சாயம். வேதிப்பொருளின் வகையைச் சொல்லாது. பொருந்தாத இரண்டு கலந்தால் துருத் தடுப்பு வலுவிழக்கும், சில சமயம் கூழ்போல் உறைந்து ரேடியேட்டர் குழாயை அடைக்கும். மற்றொன்று, குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. அதில் இருக்கும் உப்பு சூட்டில் படிந்துவிடும். டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்ததுதான் பெரும்பாலான கார்களுக்கு அளவு. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் திறந்த மறுகணம் கொதித்து முகத்தில் பீறிடும். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் குழந்தையும் வாயில் வைத்துவிடும், அது கொல்லும் நஞ்சு.

பிரேக் பேட் மாற்றுவதில் நல்ல மிச்சம் உண்டு. ஆனால் முதல் முறை, செய்து பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஆனால் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கம் மாதிரியாக நிற்கும். தேயும் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பேட் மாற்றும் நேரம்.

கேலிப்பரைக் கழற்றியதும் பிரேக் குழாயில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். பழைய பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நகரும் பின் இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கான் கிரீஸ் தடவாமல் புதுப் பேட் மட்டும் போட்டால் அதுவும் பாதிக் காலத்தில் தீர்ந்துவிடும். பேட் சீக்கிரம் தேய்கிறது என்று நல்ல பேட்டைக் குறை சொல்லும் பல இடங்களில் காரணம் இந்தப் பின்தான். பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிறைந்திருந்தால் பொங்கி வழியும், வழிந்தால் பெயின்ட்டை உரிக்கும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கோடு இணைந்த பிஸ்டன்கள் பலவற்றைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். பட்டனால் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தள்ளினால் மோட்டார் உடையும்.

சக்கரத்தை மாட்டியதும், காரை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொட இத்தனை மிதி வேண்டும்; மிதிக்காமல் நகர்த்தினால் முதல் மிதிக்கு பிரேக் இருக்காது. பின்னர் ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் பழகும். வீல் நட்டை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான். பல கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

இன்ஜின் விளக்கு எரிந்தால், காரின் கணினியில் பதிவான பழுது எண்ணைப் படிக்கும் சிறிய ஓபிடி ஸ்கேனர் ஒன்று பல முறை தன் விலையை மீட்டுத் தரும். ஆனால் அது காட்டும் எண் பழுதான பொருளின் பெயர் இல்லை, புகாரின் பெயர். பி0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையான அளவைவிடக் காற்று அதிகம் என்று பொருள். ஆக்ஸிஜன் சென்சார் வாங்க ஓடுவதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள், பல நேரம் ஒரு விரிசல்தான். பி0301 முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்கிறது. முதல் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 வந்தால் காயில் போய்விட்டது. எண் மாறாமல் நின்றால் காயில் நல்லது. பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை இது.

கைவைக்கக் கூடாதவை: ஏர் பேக், ஹைபிரிட் காரின் ஆரஞ்சு நிற வயர்கள், ஏசி கேஸ், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், டைமிங் பெல்ட். டீசல் இன்ஜினில் டீசலைத் தெளிப்பான்களுக்குக் கொண்டுபோகும் காமன் ரெயில் குழாயில் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் அழுத்தம் போகும். ஓடும்போது அதில் மயிரிழை கசிவு இருந்தாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள்.

செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி, ஓடிய கி.மீ., போட்ட பொருளின் பார்ட் நம்பர், ஊற்றிய அளவு என்று ஒரு நோட்டில் எழுதி ரசீதை அதோடு பின் செய்யுங்கள். வாரண்டி கேட்கும்போதும் காரை விற்கும்போதும் இதுதான் சான்று. வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் புது ஆயில் வந்த கேனிலேயே அடைத்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்த இரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். இன்ஜினின் எந்தப் பக்கம் எது என்று அட்டையில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் பழுப்பு நிறச் சொட்டு ஃபில்டருக்கு நேராக இருந்தால் வளையம், போல்ட்டுக்கு நேராக இருந்தால் வாஷர். சிவப்பாகவும் வழவழப்பாகவும் இருந்தால் கியர் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். பிசுபிசுப்போடு இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக, வழுக்கலாக இருந்தால் பிரேக் ஆயில். அன்றைக்குக் காரை எடுக்கவே கூடாது. வாடையில்லாத தெளிந்த தண்ணீர் மட்டும் சொட்டியிருந்தால் அது ஏசி விட்டது, அட்டையை எடுத்து உலர வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பலாம்.